முதலாளி திருப்புவதற்கென்று ஒரு திருகு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. முதலாளியின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு கார் கொண்டுவந்தார். ஒன்றரை அடி நீளம். ரிமோட்டில் ஓடும். பெட்ரோல் போடக் கூடாது. நைட்ரோ என்று டின்னில் வரும் எரிபொருள்தான் குடிக்கும்.

2. பெட்டியைத் திறந்தபோது உள்ளே கார் இல்லை. கார் ஆகக்கூடிய சில நூறு உருப்படிகள் இருந்தன.

3. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆண்கள் அதைப் பூட்டினார்கள். நாலாவது ஞாயிறு நான் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டினேன்.

4. ஓடியது. புகை வந்தது.

5. புகை முதலாளிக்குப் பிடிக்கவில்லை. ஒரு திருகைத் திருப்பினார்.

6. இன்ஜின் செத்தது.

7. பூட்டியவள் நான் என்பதால் கொன்றவளும் நான்தான் என்று முடிவானது.

8. நான் வேறொரு திருகு செய்தேன்.

எட்டாவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் ஏழைச் சொல்லாமல் எட்டைச் சொன்னால் நான் மோசக்காரி மாதிரி தெரிவேன். சொன்னாலும் கொஞ்சம் அப்படித்தான் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாஷரும் கிளாம்ப்பும் அடிக்கும் பட்டறை அது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, வேப்பம்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் தொங்காத குறையாக வந்துகொண்டிருந்த என்னை இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்காரவைத்தார்கள். ஐந்து பெண்கள், ஆளுக்கொரு கேஜ். கேஜின் ஒரு முனை வாஷரின் துளைக்குள் போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. போகும், போகாது, போகும், போகாது. காலையிலிருந்து மாலை வரை அதுதான். பெண்களுக்குக் கண் கூர்மை, கை மென்மை என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். சம்பளமும் மென்மை என்பதை மட்டும் விட்டுவிடுவார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டூல் ரூம். லேத், மில்லிங், கிரைண்டர். மூன்று வருடம் நான் படித்ததெல்லாம் அந்தப் பக்கம் இருந்தது. நான் இந்தப் பக்கம் இருந்தேன்.

என்னை அந்தப் பக்கம் கொண்டுபோனது இந்தக் கார்தான். அதை முதலாளியின் முன்னால் ஒருமுறை பொம்மைக் கார் என்று சொல்லிவிட்டேன். "இது பொம்மை இல்லம்மா. டூரிங் கார். உண்மையான ரேஸ் காரோட பத்தில் ஒரு பங்கு" என்றார். முகத்திலும் பத்தில் ஒரு பங்கு கோபம் இருந்தது.

அவரும், அவர் மனைவியின் தம்பியும் சேர்ந்து அதைப் பூட்டியிருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலாளி அந்தத் தம்பியை மச்சான் என்று கூப்பிட்டதால் பட்டறையில் எல்லோருக்கும் அவர் மச்சான்தான். காரோடு ஒரு விளக்கப் புத்தகம் வந்திருந்தது. அதைப் படிப்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்று இருவரும் நினைத்தார்கள். மேல்கூடு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அதற்கு உள்பக்கம்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். மச்சான் வெளிப்பக்கம் அடித்தார், சிவப்பு நிறமும் அதன்மேல் மஞ்சள் தீ ஜுவாலையும். கார் சுவரில் முதல்முறை உரசியதும் ஜுவாலை சுவருக்குப் போய்விட்டது. இரண்டு பற்சக்கரங்களையும் மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கிப் பூட்டியிருந்தார்கள். நடுவில் பஸ் டிக்கெட் ஒன்றை வைத்து இறுக்கி, பிறகு டிக்கெட்டை உருவிவிட்டால் சரியான இடைவெளி கிடைக்கும் என்று புத்தகத்தின் ஒன்பதாம் பக்கம் சொல்லியது. பஸ் டிக்கெட் என்று சொல்லவில்லை, மெல்லிய காகிதம் என்று சொல்லியது. என் பையில் இருந்தது பஸ் டிக்கெட்.

நாலாவது ஞாயிறு ஓவர்டைமுக்கு வந்திருந்த நான் புத்தகத்தைப் புரட்டுவதைப் பார்த்த முதலாளி, நீயே பூட்டிப் பாரும்மா என்று விட்டுவிட்டார். நான் பூட்டியதும் பூஜை. கற்பூரம், சந்தனம் எல்லாம் சரியாக நடந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தபோதுதான் பிரச்சினை வந்தது. சக்கரமும் எலுமிச்சையும் ஏறக்குறைய ஒரே அளவு. கார் அவற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது, ஏறவில்லை. மச்சான் போய் நாலு கறுப்புத் திராட்சை வாங்கிவந்தார். கார் அவற்றை நசுக்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். டயரிலிருந்து திராட்சைத் தோலைத் துடைத்து எடுத்தது நான்.

"நாளையிலேர்ந்து நீ டூல் ரூம்ல உக்காரும்மா. வண்டியைப் பாத்துக்கோ. நேரமிருந்தா டையும் பாரு" என்றார் முதலாளி. வாஷர் அடிக்கும் அச்சுகளான டைகளைப் பற்றித்தான் 'நேரமிருந்தா' என்றார். பட்டறைக்குச் சோறு போடுவது அதுதான். நான் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போனேன். ஜன்னலோரத்தில் ஒரு மேசை கிடைத்தது. அதில் ஒரு கால் ஆடியது. முட்டுக் கொடுக்க வாஷருக்கா பஞ்சம்?

இனி அந்த இன்ஜினைப் பற்றி. எலுமிச்சை அளவுதான் அதுவும். அதற்குத் தனியாக இன்ஜின் ஆயில் கிடையாது. எரிபொருளிலேயே எண்ணெய் கலந்திருக்கும். எரிபொருள் உள்ளே போனால்தான் எண்ணெயும் போகும். எவ்வளவு போக வேண்டும் என்பதை கார்புரேட்டரில் இருக்கும் நீடில் என்ற ஊசித் திருகு தீர்மானிக்கும். வலப்புறம் திருப்பினால் குறையும், இடப்புறம் திருப்பினால் கூடும். பின்னால் லேசாகப் புகை வந்துகொண்டிருந்தால் பிஸ்டனுக்கு எண்ணெய் கிடைக்கிறது என்று அர்த்தம். புகை நின்றால் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இவ்வளவுதான். ஒரு நோட்டில் தேதி, வெயில், நீடில் எத்தனை சுற்று, இன்ஜின் தலையில் விட்ட தண்ணீர்ச் சொட்டு எத்தனை நொடியில் காய்ந்தது என்று நாலு பத்தி போட்டு எழுதிவந்தேன். மூன்று நொடி என்றால் நல்ல சூடு. விட்டவுடன் சுர்ரென்று பறந்தால் ஆபத்து.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஸ்கூட்டர் வைத்திருக்கும் எந்த ஆணுக்கும் புகை என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்: எண்ணெய் வீண். வண்டியை எடுத்த எடுப்பில் மெக்கானிக்கிடம் கேட்பது மைலேஜ். புகை வந்தால் கார்புரேட்டரைத் திறந்து திருகைக் குறைக்கச் சொல்வார்கள். அம்பத்தூரில் பஞ்சர் ஒட்டுகிறவர்கூட இதைச் செய்துகொடுப்பார். பதினைந்து நிமிடம் சுற்றி ஓடிப் பந்தயம் முடிக்க வேண்டிய காருக்கு எதற்கு மைலேஜ் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்குப் பட்டறையின் பின்பக்க சிமென்ட் தளத்தில் கார் ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட் மச்சான் கையில்.

"இன்னா மாமா, கொசு மருந்து வண்டி கணக்கா பொக வுட்டுகினு போவுது" என்றார் மச்சான்.

முதலாளி என்னைப் பார்த்தார். "என்னம்மா இது? என் ஸ்கூட்டர் இப்படி விட்டா மெக்கானிக்கை விட்டிருப்பேனா?"

"அப்படித்தான் சார் விடணும். புகை இல்லேன்னா உள்ள எண்ணெய் இல்லேன்னு அர்த்தம்."

"நீ நோட்டுல எழுதிக்கோ. நான் காதால கேக்கறேன்."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வலப்புறம் அரைச் சுற்று திருப்பினார். இந்த இன்ஜினின் மோசமான குணம் ஒன்று உண்டு. பட்டினி போட்டால் முதலில் மிக அருமையாக ஓடும். புகை நின்றது. சத்தம் மெலிந்து, உயர்ந்து, விசில் போல் ஆனது. கார் பறந்தது.

"பாத்தியா பிக்கப்பை" என்றார் முதலாளி.

"சூப்பர் மாமா. காத்துல போவுது."

நாலு சுற்று அப்படிப் போனது. ஐந்தாவதில் சக்கரங்கள் பிடித்துக்கொண்டன. கார் இரண்டு முறை உருண்டு, தலைகீழாக நின்றது. ஓடிப்போய்த் தண்ணீர்ச் சொட்டு விட்டேன். சொட்டு தலையைத் தொடுவதற்கு முன்பே போய்விட்டது போலிருந்தது.

பிரித்துக் காட்டினேன். பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிப்பக்கம் நீலம் பாரித்திருந்தது. எண்ணெய் இல்லாமல் வெந்த உலோகம் இப்படித்தான் ஆகும் என்று லென்ஸை நீட்டினேன். முதலாளி லென்ஸை வாங்கி என் முகத்தைப் பார்த்தார்.

"பூட்டினது நீதானே?"

"ஆமா சார்."

"எங்கியோ டைட்டா பூட்டியிருக்க."

மச்சான் காரை எடுத்து ஊதினார். "பொம்பள கை வச்ச இன்ஜின் மாமா, அது அப்டித்தான் கோச்சுக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க பட்டறையில் எது நின்றாலும், டீக்கடை ஸ்டவ் அணைந்தாலும்கூட, அதை நான் தொட்டேனா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

மச்சானின் நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து புதிய பிஸ்டனும், அது ஓடும் குழாயான லைனரும், ராடும் கொண்டுவந்தார். முதலாளி அந்தச் சின்னப் பொட்டலத்தை என் ஆடும் மேசையில் வைத்தார்.

"இதான் கடைசி. நசரத்பேட்டைல ரேஸ் இருக்கு. இதுவும் போச்சுன்னா நீ பழையபடி வாஷருக்கே போயிடும்மா. டூல் ரூம் உங்களுக்கெல்லாம் சரிப்படாதுன்னு ஃபோர்மேன் அப்பவே சொன்னார்."

ஆக, கணக்கு தெளிவாக இருந்தது. இன்ஜின் பிழைத்தால் நான் தடுப்புக்கு இந்தப் பக்கம், டூல் ரூமில். செத்தால் அந்தப் பக்கம், போகும், போகாது. இன்ஜின் பிழைப்பது ஒரு திருகின் கையில். திருகு முதலாளியின் கையில். அவரிடமிருந்து ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்க முடியாது. திருப்ப வேண்டாம் என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் கூடத் திருப்புவார். அப்படியானால் அவர் திருப்பலாம். நீடில் மட்டும் திரும்பக் கூடாது.

சாப்பாட்டு நேரத்தில் லேத்தில் பித்தளைக் கம்பி ஒன்றை மாட்டினேன். ஒரு சின்ன மூடி கடைந்தேன். அசல் நீடிலின் தலைமேல் அது உட்காரும். வெளிப்பக்கம் சொரசொரப்பு, மேலே அகலமான வெட்டு, அசலைப் போலவே. முதலாளியின் ஸ்க்ரூ டிரைவர் அந்த வெட்டில் பொருந்தும், மூடி சுற்றும், உள்ளே நீடில் அசையாது. நடுவில் ஊசித் துளை ஒன்று போட்டேன். கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்களின் ஸ்க்ரூ டிரைவர் அதன் வழியாகப் போய் அசல் நீடிலைத் தொடும். துளையை கிரீஸ் வைத்து மூடிவிட்டேன்.

அந்த லேத்தில் வேலைசெய்யும் டர்னர் கையில் பாதி வடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா அது?"

"மூடி அண்ணா."

"மூடி எதுக்கு சுத்துது?"

"முதலாளி சுத்தறதுக்கு."

வடையை மென்று முடித்தார். "கிலுகிலுப்பைன்னு சொல்லு."

அவர் மூடியை வாங்கிச் சுற்றிப் பார்த்தார். "சத்தமே இல்லியே. பழசு டிக்கு டிக்குன்னு கேக்கும்ல? சத்தம் வரலேன்னா கண்டுபிடிச்சுடுவாரு. கொயந்தைக்கே சத்தம் வேணும்."

அவர் சொன்னது சரி. அசலில் திருகு தானாக நழுவாமலிருக்க ஒரு சின்ன ஸ்பிரிங் பல் இருக்கும். திருப்பும்போது டிக் என்னும். அப்படி ஒன்றை மூடிக்குள் வைத்தேன். சுற்றுக்கு எட்டு டிக். பொறியியலில் நான் செய்த வேலைகளிலேயே மிகச் சுத்தமான வேலை அது. அது எதையும் செய்யாது என்பது அதன் ஒரே குறை.

முதல் சோதனைக்கு முதலாளியை இன்ஜின் ஆறியிருந்த நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். ஆறிய இன்ஜின் நிறையப் புகைக்கும்; சூடேறச் சூடேறத் தானாகவே குறையும். அவர் மூன்று டிக் திருப்பினார். இரண்டு நிமிடத்தில் புகை மெலிந்தது. அந்தப் பெருமை முழுவதும் மூன்று டிக்குக்குப் போனது.

"இப்ப கேளு. சத்தமே மாறிப்போச்சு" என்றார்.

"வேற வண்டி மாரி கீது மாமா" என்றார் மச்சான். "ஸ்டீரிங் கூட லேசாயிட்ச்சு."

ஸ்டீரிங் லேசானதை நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். ரிமோட்டில் இருப்பது வெறும் சக்கரப் பொத்தான். அது என்றைக்குமே கனமாக இருந்ததில்லை.

நசரத்பேட்டையில் பந்தயம் ஒரு லாரி ஷெட்டின் சிமென்ட் தரையில் நடந்தது. பழைய லாரி டயர்களை வைத்துத் திருப்பங்கள் அமைத்திருந்தார்கள். ஐந்து கார்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஏழெட்டு ஆண்கள் குந்தியிருந்து ஆளுக்கொரு பக்கம் காது வைத்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியம் பார்க்க வந்தவர்கள் மாதிரி இருந்தது. காலை ஒன்பது மணிக்கே தரை சுட்டது. எங்களுக்குச் சரியான போட்டி ஆவடியில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ஒருவர். அவருடைய காரின் மேல்கூட்டில் உள்பக்கம் பெயின்ட் அடித்திருந்தது. அதனாலேயே அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை.

பதினைந்து நிமிடப் பந்தயம். நடுவில் வந்து எரிபொருள் ஊற்றிக்கொள்ளலாம். வெயில் ஏற ஏற எல்லோரும் புகையைப் பார்த்துப் பதறித் திருகைக் குறைத்தார்கள். ஒரு கார் ஆறாவது நிமிடத்தில் நின்றது. இன்னொன்று எட்டாவதில். ஆவடிக்காரருடையது விசிலடித்துக்கொண்டு எங்களை இரண்டு முறை முந்தியது. அந்த விசிலை எனக்குத் தெரியும். பன்னிரண்டாவது நிமிடத்தில் அது ஒரு லாரி டயருக்குப் பக்கத்தில் சக்கரம் பிடித்து நின்றது.

எங்கள் கார் எரிபொருளுக்கு மூன்று முறை வந்தது. மூன்று முறையும் முதலாளி குனிந்து, கண்ணை மூடி, காதைச் சாய்த்து, திருப்பினார். ஒருமுறை நாலு டிக் வலம். ஒருமுறை இரண்டு டிக் இடம். கடைசியில் ஒரே ஒரு டிக், மூச்சை அடக்கிக்கொண்டு. நான் தண்ணீர்ச் சொட்டு விட்டேன். மூன்று நொடி. மூன்று நொடி. மூன்று நொடி.

ஜெயித்தோம். முதலாளியைச் சுற்றிக் கூட்டம். "புத்தகத்துல எதுவும் இல்லப்பா. எல்லாம் காதுலதான் இருக்கு" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது லாரி ஷெட்டின் கடைசி வரை கேட்டது. டூல் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "பரவாயில்லம்மா, இந்தவாட்டி ஒழுங்கா பூட்டியிருக்க" என்றார். முதல்முறை ஒழுங்காகப் பூட்டவில்லை என்பது இதன்மூலம் உறுதியானது.

இது இத்துடன் முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஆவடிக்காரர் ஒரு மாதத்தில் புது இன்ஜின் வாங்கிவிட்டார். "அண்ணாத்தே, நீ வந்து உன் காதை வச்சுக் குடுத்துட்டுப் போ" என்று கூப்பிட்டார். முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். டூல் பாக்ஸ் தூக்க என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க நான் ஒரே விஷயத்தைத்தான் யோசித்தேன்: அந்தக் காரில் என் மூடி இல்லை.

"சார், அவர் வண்டியை முதல்ல நான் பார்க்கட்டுமா?"

"நீ கேட்டதை எடுத்துக் குடு, போதும்."

வெள்ளானூர் பக்கம் வீட்டு மனை போட்டு யாரும் வீடு கட்டாத ஒரு தார் ரோட்டில் காரை வைத்தார்கள். முதலாளி குனிந்தார், கண்ணை மூடினார், காதைச் சாய்த்தார். எங்கள் காரில் பழகிய கை, தாராளமாகத் திருப்பியது. கார் விசிலடித்தது.

"பார்த்துக்கோ பிக்கப்பை" என்றார்.

ஆவடிக்காரர் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். கார் ரோட்டின் முனை வரை போய்த் திரும்பி, பாதி வழியில் கட்டாந்தரையில் உருண்டது.

ஆவடிக்காரர் போய்க் காரைத் தூக்கிவந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "அண்ணாத்தே, உன் வண்டில மூணு தபா திருப்பின. ஒண்ணும் ஆவல. என்துல ஒரே தபா. பூட்ச்சு."

"புது இன்ஜின்... பூட்டினதுல ஏதாவது..."

"பூட்டினது நான்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். பழக்கம் அப்படி. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம், பத்தடி தள்ளி, டூல் பாக்ஸோடு நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பிவந்து பட்டறை வாசலில் வேனிலிருந்து இறங்கியதும் முதலாளி, "அந்த வண்டியில உன் கை படவே இல்லையே" என்றார். கேள்வி மாதிரியும் இருந்தது, புகார் மாதிரியும் இருந்தது.

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் போச்சு?"

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். என் மேசை பத்திரமாக இருந்தது. ஆனால் ஆவடிக்காரரின் இன்ஜினைக் கொன்றதில் எனக்கும் பங்கு உண்டு. ஒன்றும் ஆகாது என்று முதலாளியின் கையைப் பழக்கியது என் மூடிதான். தவிர, முதல் இன்ஜின் என் பெயரில் இன்னும் செத்துக்கிடந்தது. எங்கள் காரை மேசைமேல் வைத்தேன். கிரீஸைத் துடைத்து, கடிகார ஸ்க்ரூ டிரைவரைத் துளைக்குள் விட்டு, அசல் நீடில் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். பிறகு அவருடைய ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுத்தேன். நோட்டையும் பக்கத்தில் திறந்துவைத்தேன்.

அவர் மூடியைச் சுற்றினார். எட்டு டிக். மறுபடி எட்டு டிக். முழுசாகப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றினார். டர்னர் லேத்தை நிறுத்திவிட்டு, நிறுத்தாதவர் மாதிரி குனிந்துகொண்டார்.

"நசரத்பேட்டைல?"

"இதேதான் சார்."

"மூணு தபாவும்?"

"மூணு தபாவும்."

ஸ்டூலில் உட்கார்ந்தார். என் நோட்டை ஒரு பக்கம் புரட்டினார். படித்தாரா என்று தெரியாது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"டர்னர் அண்ணாவுக்கு."

"மச்சானுக்கு?"

"தெரியாது சார்."

"தெரிய வேணாம்." எழுந்து கதவு வரை போய் நின்றார். "ஆவடிக்காரனுக்கும் ஒண்ணு செஞ்சுடு. நம்ம ஸ்பெஷல் நீடில்னு சொல்லிக் குடுத்துடலாம்."

அவர் போன பிறகு டர்னர் லேத்தைப் போட்டார். "அப்ப அந்த மொதல் இன்ஜின பத்தி ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணா."

"சொல்ல மாட்டாரு" என்றார். பித்தளைக் கம்பி எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டினார்.

இப்போது நிலைமை இது. டூல் ரூமில் ஜன்னலோர மேசை என்னுடையதாக இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இன்னும் இன்ஸ்பெக்‌ஷன் என்றுதான் எழுதியிருக்கிறது. முதல் இன்ஜின் யாரால் போனது என்பதை யாரும் திருத்திச் சொல்லவில்லை. ஸ்பெஷல் நீடில் கேட்டு மற்றவர்களும் வர, நான்கு கார்களில் என் மூடி இருக்கிறது. அவற்றின் அசல் நீடில்களை மாதம் ஒருமுறை நான் சரிபார்க்கிறேன். மச்சானுக்கு இன்னும் தெரியாது. முதலாளிக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் குனிந்து, கண்ணை மூடி, மூன்று டிக் திருப்புகிறார். இன்ஜின் இன்னும் அதே இரண்டாவது பிஸ்டனிலேயே ஓடுகிறது.